நேட்டாலுக்குக் கப்பலேறியவரைத் தேடும்போது எங்கே வழி தவறுகிறோம்?

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் தம்பி தாது வருஷப் பஞ்சத்தில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிவிட்டார், அப்புறம் தகவலே இல்லை. தாது என்றால் 1876. மெட்ராஸிலிருந்து நேட்டாலின் துறைமுகமான டர்பன் போன கப்பல்களின் பட்டியல்களில் 1876 முதல் 1878 வரை வரி வரியாகப் பார்த்தேன். மாதக்கணக்கில். அவர் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் போனது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து.

முதல் தவறு இதுதான்: வீட்டுக் கதையின் வருஷத்தை அப்படியே நம்புவது. வட ஆர்க்காட்டுப் பக்கம் பழைய துயரம் எதுவானாலும் தாது வருஷத்தின் தலையில் கட்டிவிடுவார்கள். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அவர் ஊரில் இருந்ததற்குக் கடைசியாகக் கிடைக்கும் சான்று எது என்று முதலில் பாருங்கள். எங்கள் பரணில் 1888இல் எழுதிய அடமானப் பத்திரம் ஒன்று கிடந்தது. அதில் அவர் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருந்தார். அதை முதல் நாளே விரித்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு கோடைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

கப்பல் எப்போது ஓடியது, எப்போது ஓடவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் ஒதுங்கிய முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16. 1866இல் ஆள் அனுப்புவது நின்று, மறுபடி 1874இல்தான் தொடங்கியது. 1911இல் மொத்தமாக முடிந்தது. ஆகவே "1870இல் கூலியாகப் போனார்" என்று யாராவது சொன்னால், வருஷம் தப்பு அல்லது நாடு தப்பு. நாடு தப்பாவதும் சகஜம். மொரீசில் (மொரீஷியஸில்) ஒப்பந்தம் முடித்து, அங்கிருந்தே நேட்டாலுக்குப் போனவர்களும் உண்டு. கிராமத்தில் "கண்டிக்குப் போனார்" என்றால் கண்டி நகரம் என்று பொருளில்லை, இலங்கையின் ஏதோ ஒரு மலைத்தோட்டம். அங்கே கங்காணி முறை, அதாவது தோட்டத்துக் கங்காணியே ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போவது. நேட்டால் மாதிரி ஆளுக்கொரு எண் போட்ட கப்பல் பட்டியலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தோட்டத்துச் செக்ரோல், அதாவது கூலியாட்களின் பெயர்ப் பதிவேடு, அதன் பக்கம்தான் போக வேண்டும்.

அடுத்தது 'மெட்ராஸ்'. டர்பனிலிருந்து தேடி வருபவர்கள் பலர் "எங்கள் பூர்வீகம் மெட்ராஸ்" என்பார்கள். அது கப்பலேறிய துறைமுகம். அல்லது கஞ்சாமிலிருந்து திருநெல்வேலி வரை நீண்டு கிடந்த மாகாணம். நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸில் ஏறியவர்கள், அவர்களில் தெலுங்கர்களும் ஏராளம். பட்டியலில் இருக்கும் ஜில்லாவும் இன்றைய மாவட்டமும் ஒன்றல்ல. 'நார்த் ஆர்க்காட்' என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவற்றோடு ஆந்திராவின் சித்தூரையும் சேர்த்துத் தேட வேண்டும். சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911இல்தான்.

பெயருக்கு வருவோம். அதிகம் பேர் விழும் குழி இது. கூகுளில் தேடுகிற மாதிரி பெயரை அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். பட்டியலை எழுதியது ஆங்கிலத்தில். சொன்னவருக்கு எழுத்து தெரியாது, எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். நம் ழகரம் அங்கே படாத பாடு படும். குழந்தைவேலு 'கொலந்தவேலு' ஆவார். முனுசாமி 'மூன்சாமி' ஆவார். என் யோசனை ஒன்றுதான்: அந்த ஆங்கில எழுத்துகளைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊர்க்காரர் உச்சரிக்கிற வேகத்தில் இரண்டு மூன்று முறை சொன்னால் பல பெயர்கள் தானாகவே அவிழும்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது அதைவிட மோசம். கப்பலேறியபோது பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். இன்று டர்பனில் ஒரு குடும்பத்தின் கடைசிப் பெயராக இருப்பது, நூறு வருஷத்துக்கு முன் வந்த ஒருவரின் சொந்தப் பெயராகவே இருக்கலாம். ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு கடைசிப் பெயரோடு இருப்பதும் உண்டு.

அப்படியானால் எதைப் பிடிப்பது? எண்ணை. நேட்டாலில் வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த எண் திரியாது. டர்பன் உறவினரிடம் பழைய கல்யாணச் சான்றிதழ் போல ஏதாவது காகிதம் இருந்தால், அதில் புரியாத எண் ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேளுங்கள். கணினியில் ஏற்றிய பட்டியலில் கிடைத்ததோடு திருப்தி அடையவும் வேண்டாம். அது கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்தது. மூலப் பக்கத்தின் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

ஒரு வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். நம்மாட்கள் தங்கள் ஆளின் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி பார்க்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேராகப் புறப்பட்டவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுவதுண்டு. என் ஆளின் வரியில் ஊர்ப் பெயரின் 'பாக்கம்' பாதியில் 'பாகு' என்று நின்றுபோயிருந்தது. போளூர் தாலுகாவில் அப்படி ஓர் ஊரே கிடையாது. இரண்டு வரி மேலே வேறொருவருக்கு அதே ஊரை முழுதாக எழுதியிருந்தார்கள். பிடி கிடைத்தது அங்கேதான்.

வயதை நம்பாதீர்கள். பார்வைக்குத் தோன்றியதை எழுதியிருப்பார்கள், ஐந்தாறு வருஷம் முன்பின் இருக்கும்.

பாட்டியைத் தேடுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தாத்தாவின் ஊர்தான் பாட்டியின் ஊரும் என்று எடுத்துக்கொள்கிறோம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று அன்று விதி. அதற்காகத் தனியாக வந்த பெண்களையும் விதவைகளையும் சேர்த்தார்கள். கப்பல் வரும்வரை ஆட்களைத் தங்கவைத்த மெட்ராஸ் டிப்போவில் காத்திருந்த நாட்களில் ஜோடி சேர்ந்தவர்கள் உண்டு. இது தெரியவந்ததும் சில குடும்பங்கள் தேடுவதையே நிறுத்திவிடுகின்றன. எனக்கு அது புரியவே இல்லை. பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, தகப்பன் பெயர், தன் ஊர் எல்லாம் உண்டு. அதைத் தனியாகத் தேடினால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

அன்று பிரெஞ்சுக் காலனிகளாக இருந்த ரீயூனியன், குவாதலூப் பக்கம் போனவர்களின் வழிவந்தவர்களுக்கு ஒரு சொல்: 'மலபார்' என்று பார்த்ததும் கேரளாவுக்கு டிக்கெட் போடாதீர்கள். அங்கே தமிழர்களைத்தான் அப்படி அழைத்தார்கள்.

கடைசியாக, ஊருக்குப் போய்ப் பட்டாவும் பிறப்புச் சான்றும் கேட்பது. கூலியாகப் போனவர்களில் பெரும்பாலோர் பெயரில் நிலமே இருந்திருக்காது, பிறகு பட்டா எங்கிருந்து வரும்? குலதெய்வத்தைக் கேளுங்கள். எந்தக் கோயில், அங்கே முதல் பொங்கல் வைக்கிற பங்காளிகள் யார் யார் என்று கேட்டால், தாலுகா ஆபீஸில் கிடைக்காத கிளைகள் திண்ணையில் கிடைக்கும்.

என் ஆளின் அந்தப் பட்டியல் வரியை நான் ஊருக்கு எடுத்துப் போய் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அடையாளக் கட்டத்தில் 'வலது புருவத்தில் தழும்பு' என்று இருந்தது. அத்தை உடனே, "அண்ணன் அடிச்ச அடிடா அது" என்றார். என் நோட்டில் அதற்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.