வீட்டுப் பவளத்தொட்டிக்குக் கட்டுப்படியாகும் ரிட்டர்ன் பம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான பவளத்தொட்டியின் மேல்விளிம்பில் வழிந்து, கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்பு என்ற துணைத்தொட்டிக்கு இறங்கும் நீர், அங்கே வடிந்து, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் சுத்தமாகி, மறுபடி மேலே ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது ரிட்டர்ன் பம்ப். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் விளக்குக்கும் கல்லுக்கும் உப்புக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, கையில் மிஞ்சியதைக் கொண்டு கடைசியில் பம்பை வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மயிலாடுதுறையில் என் முதல் தொட்டிக்கு நானும் அப்படித்தான் வாங்கினேன். பெட்டியில் அச்சிட்டிருந்த லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்கிய அந்தப் பம்ப், அதில் கால்பங்கு நீரைக்கூட மேலே ஏற்றவில்லை. விலை குறைந்த பம்புகளில் நல்லவை உண்டு. ஆனால், விலை என்பதைக் கடையில் கொடுக்கும் தொகையாக மட்டும் எண்ணாமல், பம்ப் இழுக்கும் மின்சாரத்தையும் அது தொட்டி நீரில் இறக்கும் சூட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். டெல்டாவின் கோடையில் இந்த இரண்டாவது கணக்கே பெரியது.

முதலில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். தொட்டியின் நீரளவைப் போல் மணிக்குப் பத்து மடங்கு ஓட வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். பவளங்களுக்குத் தேவையான அலையையும் ரிட்டர்ன் பம்பே தர வேண்டியிருந்த காலத்துக் கணக்கு அது. இன்று அந்த வேலையைத் தொட்டிக்குள்ளேயே பொருத்தும் வேவ்மேக்கர் என்ற அலை எழுப்பும் கருவி செய்கிறது. அது நீரை உயரத்துக்கு ஏற்றுவதில்லை, இருந்த இடத்திலேயே தள்ளுகிறது. எனவே மிகக் குறைந்த வாட்டில் அதிக நீரோட்டத்தைத் தருகிறது. ஆகவே ரிட்டர்ன் பம்புக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். அதைவிட முக்கியமானது, ஓவர்ஃப்ளோ குழாய் எவ்வளவு நீரைக் கீழே இறக்கும் என்பது. பாசன வாய்க்காலில் வரும் நீரை வடிகால் வாய்க்கால் ஏற்காவிட்டால் வயல் என்னவாகும் என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொட்டியிலும் அதே கதைதான்: வடிகால் தாங்கும் அளவுக்கு மேல் நீரேற்றும் பம்ப், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஒருநாள் கூடத்துத் தரையை நனைக்கும்.

அடுத்தது ஹெட், அதாவது பம்ப் நீரை ஏற்ற வேண்டிய உயரம். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போது எத்தனை அடி ஹெட் என்று கேட்காமல் எவரும் வாங்குவதில்லை; மீன்தொட்டிப் பம்புக்கு மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். பெட்டியில் உள்ள லிட்டர் கணக்கு, பம்ப் சிறிதும் உயரம் ஏற்றாமல் ஓடும்போது தருவது. அதே பெட்டியில் உள்ள அதிகபட்ச ஹெட் என்பது, எந்த உயரத்தில் நீரோட்டம் முற்றிலும் நின்றுபோகுமோ அந்த உயரம். உங்கள் தொட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கல்லும் மணலும் போக அதில் சுமார் 170 லிட்டர் நீர் நிற்கும். ஐந்து மடங்கு என்றால் மணிக்கு 850 லிட்டர். சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் மேல்விளிம்பு வரை அளந்தால், இரண்டரை அடித் தாங்கியின் மேல் வைத்த தொட்டிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வரும். சம்பின் அடியிலிருந்து அளக்கக் கூடாது. நீர்மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும். குழாயின் உராய்வுக்கும் எல்போ வளைவுகளுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடையில் இரண்டு பம்புகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் மணிக்கு 2000 லிட்டர் என்றே எழுதியிருக்கிறது. ஒன்றின் அதிகபட்ச ஹெட் 2 மீட்டர், மற்றதற்கு 3 மீட்டர். உயரம் ஏற ஏற நீர் ஒரே சீராகக் குறைவதாகக் கணக்கிட்டால், ஒன்றரை மீட்டரில் முதலாவது 500 லிட்டரும் இரண்டாவது 1000 லிட்டரும் தரும். நிஜத்தில் பெரும்பாலான பம்புகள் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும் என்றாலும், வாங்கும்போது குறைத்து மதிப்பிடுவதே நல்லது. நம் மூன்றடித் தொட்டிக்கு முதல் பம்ப் போதாது. இரண்டாவது கணக்காகப் பொருந்துகிறது. தயாரிப்பாளர் ஹெட்டுக்கும் நீரோட்டத்துக்குமான வரைகோட்டை வெளியிட்டிருந்தால், இந்தக் கணக்கை விட்டுவிட்டு அதையே பாருங்கள். பம்பின் வாயைவிட ஒரு அளவு பெரிய பிவிசி குழாயைப் போட்டு, எல்போக்களைக் குறைத்தாலே, செலவில்லாமல் நீரோட்டம் கூடும். பம்ப் வந்ததும் பத்து லிட்டர் வாளியைத் தொட்டியின் விளிம்பு உயரத்தில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 36 வினாடியில் நிரம்பினால் 1000 லிட்டர்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் தரும் ஆலோசனையில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. பவளங்கள் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் நலமாக இருக்கும். மே மாதத்துத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வீட்டுக்குள்ளேயே காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அந்த நீரிலேயே தங்குகிறது. சம்பையும் சேர்த்து 200 லிட்டர் உள்ள அமைப்பில் 40 வாட் பம்ப் ஒரு நாள் ஓடினால், வெப்பம் எங்கும் வெளியேறாத நிலையில், நீரைச் சுமார் 4 டிகிரி உயர்த்தும். 20 வாட் பம்ப் அதில் பாதியே உயர்த்தும். நீர் ஆவியாவதால் வெப்பத்தில் ஒரு பகுதி வெளியேறுவது உண்மைதான். ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தமாகவே நடக்கும். மின்கணக்கைப் பார்த்தால், 40 வாட் பம்ப் அறுபது நாளில் 57 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் பம்ப் 29 யூனிட்டோடு நின்றுவிடும். யூனிட் கூடக் கூடக் கட்டணப் படியும் உயர்வதால், இந்த வேறுபாடு பம்பின் ஆயுள் முழுவதும் உங்களைத் தொடரும். எனவே தேவையான ஹெட்டில் தேவையான நீரைத் தரும் பம்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, அவற்றுள் வாட் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

ஏசி பம்பா, டிசி பம்பா என்பது அடுத்த கேள்வி. ஏசி பம்ப் விலை குறைவு, அமைப்பு எளிமையானது. ஒரே வேகத்தில் ஓடும். டிசி பம்பின் விலை பல மடங்கு வரலாம். ஆனால் வேகத்தைக் குறைக்கலாம், தீவனம் போடும்போது சிறிது நேரம் நிறுத்திவைக்கலாம், அதே வேலைக்குப் பெரும்பாலும் குறைந்த வாட்டே போதும். சம்பா, தாளடிப் பட்டங்களில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும் கிராமங்களில் மின்னழுத்தம் இறங்கும்போது, நின்ற ஏசி பம்ப் மறுபடி கிளம்பாமல் முனகிக்கொண்டே நிற்பதுண்டு. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் கொண்ட டிசி பம்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் ஏசி பம்பை இணைப்பதானால் அது சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் பம்ப் இரைந்து சூடாகும். பணம் அளவாக இருந்தால் நல்ல ஏசி பம்ப் ஒன்றையும் அதற்கு மாற்று இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் பாகம்) ஒன்றையும் வாங்குவதே என் தேர்வு. எதை வாங்கினாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதைப் பெட்டியில் உறுதி செய்துகொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய லிட்டர் கணக்கை ஏசி பம்ப் நம் மின்சாரத்தில் எட்டாது.

கடைத்தெருவில் மிக மலிவாகக் கிடைக்கும் ஏர்கூலர் பம்பைத் தயவுசெய்து பவளத்தொட்டியில் போடாதீர்கள். அதன் உலோகத் திருகுகளும் தண்டும் உப்புநீரில் அரிக்கும். உள்ளே உள்ள செம்புச் சுருளை மூடிய பூச்சு விரிசல் விட்டால் செம்பு நீரில் கலக்கும். மிகச் சிறிதளவு செம்பே பவளங்களையும் இறால்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும். உள்ளே எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரும் வேண்டாம். கடல்நீருக்கு ஏற்றது என்ற குறிப்பும், பீங்கான் தண்டும், முழுவதுமாக எபாக்ஸிப் பிசினால் அடைக்கப்பட்ட மோட்டாரும் இருக்க வேண்டும். ஏசி வகையில் ஏஹைம், சிச்சே நிறுவனங்களின் பம்புகளும், டிசி வகையில் விலை குறைந்த ஜெபாவோவும் பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துபவை. டெல்டாவின் சிறு ஊர்களில் இவை எப்போதும் கிடைப்பதில்லை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலிருந்து வரவழைப்பதே வழக்கம். மாற்று இம்பெல்லர் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பொருத்தும்போது மின்கம்பி ஓரிடத்திலாவது பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி ஏற வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் தொட்டியை ஓட்டாதீர்கள். டிசி பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியை உப்பீரம் படியும் அலமாரிக்கு வெளியே மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புப் படிவைத் தேய்த்தெடுங்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பம்ப் மின்வெட்டுக்குப் பிறகு கிளம்பாமல் போவதற்கு இந்தப் படிவு ஒரு முக்கியக் காரணம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரைகடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியை முதலில் வேவ்மேக்கருக்கோ காற்றுப் பம்புக்கோ கொடுங்கள். மூச்சுவிட மீன்களுக்குத் தேவை நீர்ப்பரப்பின் அசைவு, ரிட்டர்ன் பம்ப் காத்திருக்கலாம்.

மின்சாரம் நின்றதும், மேலே நீரில் மூழ்கியிருக்கும் குழாய்வாய் காற்றை இழுக்கும் வரை, தொட்டி நீர் அதே குழாய் வழியாகக் கீழே திரும்பும். நம் மூன்றடித் தொட்டியில் குழாய்வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் இறங்கும். ஒரு சென்டிமீட்டரில் வைத்தால் 4 லிட்டர்தான். ஒருவழி வால்வை நம்ப வேண்டாம். சிறு நத்தை ஒன்று அதில் சிக்கினாலும் அது மூடாது. எல்லாம் பொருத்தியதும் பம்பின் சுவிட்சை நீங்களே அணையுங்கள். நீர் இறங்கி நின்ற பிறகு சம்பின் விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடையாவது இடம் மிஞ்சும்படி நீரைக் குறைத்துவிட்டு, பம்பை மறுபடி ஓடவிடுங்கள். ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் வீட்டில் யாரும் நீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.