ஆப்பிரிக்க இசையையும் கரீபிய இசையையும் தாளம் போட்டுக் கேட்டு ஒப்பிடும் முறை

ஜமைக்காவின் ரெகேயும் டான்ஸ்ஹாலும் உலக அரங்கில் பெற்றிருந்த இடத்தை நைஜீரியாவின் ஆப்ரோபீட்ஸும் தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவும் எடுத்துக்கொண்டுவிட்டன என்ற பேச்சு இசை ஆர்வலர்களிடையே பரவலாக இருக்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் இருக்கும் ஓர் இசை ரசிகர், பிறர் சொல்வதை அப்படியே ஏற்காமல், தம் காதாலும் கையாலும் இதைச் சோதித்துப் பார்ப்பதற்கான வழியை இங்கே விளக்குகிறேன். கோயில் வீதியில் தவிலும் நாகசுரமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனைக்குத் தேவையான பயிற்சியில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒலிக்கருவியைக் கவனியுங்கள். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் இந்த இசைகளைக் கேட்பது, சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டுக் கச்சேரி கேட்பதற்கு ஒப்பாகும். ரெகேயில் பாட்டின் பாதி பேஸ் கிட்டாரில் இருக்கிறது. அமாபியானோவில் 'லாக் டிரம்' எனப்படும், கணினியில் உருவாக்கிய ஆழ்ந்த முழவொலிதான் பாட்டையே நடத்திச் செல்கிறது. இவை இரண்டும் சிறிய ஸ்பீக்கரில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே நல்ல ஹெட்போனையோ, தாழ்ந்த ஒலிகளைத் தெளிவாகத் தரும் பெட்டியையோ பயன்படுத்துங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கேட்பது இன்னும் நல்லது. ஒருவர் தவறவிடும் அடியை மற்றவர் பிடித்துவிடுவார்.

அடுத்து, எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க இசை என்பது ஒரே இசையன்று. கானாவில் பிறந்து நைஜீரியாவுக்கும் பரவிய ஹைலைஃப், காங்கோவின் ரும்பா, 1970களில் நைஜீரியாவின் லாகோசில் பாடகர் ஃபேலா குட்டியும் அவருடைய டிரம் கலைஞர் டோனி ஆலனும் வளர்த்த ஆப்ரோபீட், 2000களுக்குப் பின் நைஜீரியாவிலும் கானாவிலும் தழைத்த ஆப்ரோபீட்ஸ், 2010களில் ஜோகானஸ்பர்க், பிரிட்டோரியா சுற்றுப்புறக் குடியிருப்புகளில் உருவான அமாபியானோ ஆகியவை வெவ்வேறானவை. குறிப்பாக ஆப்ரோபீட்டையும் ஆப்ரோபீட்ஸையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முன்னது ஊதுகருவிகளும் நீண்ட அரசியல் பாடல்களும் கொண்ட பெரிய குழு இசை, பின்னது மூன்று நிமிட அளவில் அமையும் நடனப் பாடல். கரீபியப் பக்கத்திலும் இதே நிலைதான். ஜமைக்காவின் ஸ்கா, ரெகே, டான்ஸ்ஹால், டிரினிடாடின் கலிப்சோ, சோகா, பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்ட்டினிக்கின் சூக், கியூபாவின் சோன், போர்ட்டோ ரிக்கோவில் வலுப்பெற்ற ரெகேடோன் ஆகிய அனைத்தும் கரீபியக் கடலைச் சார்ந்தவை. ஆங்கிலம் பேசும் தீவுகளை மட்டும் கரீபியம் என்று எடுத்துக்கொண்டால் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும். இந்தப் பேச்சில் நடக்கும் மிகப் பெரிய பிழை இதுவே.

இனித் தாளம். எட்டு அட்சரங்கள் கொண்ட ஆதி தாளத்தை நிதானமாகப் போட்டுக்கொண்டு, சதுஸ்ர நடையில், அதாவது ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என, 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு என எட்டு மாத்திரைகள், அதாவது இரண்டு அட்சரங்கள். தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்தில் இந்தச் சொற்கட்டு நான்கு முறை வரும். இப்போது ஏதேனும் ஒரு டான்ஸ்ஹால் பாடலை ஒலிக்கவிட்டு, அதன் மேல் இதையே சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் டிரம்மின் அழுத்தங்கள் உங்கள் 'த'க்களின் மீது வந்து விழுவதைக் கேட்பீர்கள். பிறகு ஒரு ரெகேடோன் பாடலுக்கு மாறுங்கள். அங்கேயும் அதே கணக்குத்தான். ஷாபா ராங்க்ஸ் என்ற ஜமைக்கப் பாடகர் 1990களின் தொடக்கத்தில் பாடிய ஒரு டான்ஸ்ஹால் பாட்டின் தாளக்கட்டிலிருந்து ரெகேடோனின் அடித்தளமே எழுந்தது. அதற்கு இன்றும் 'டெம் போ' (Dem Bow) என்றே பெயர், அது அந்தப் பாட்டின் பெயர்.

ஆப்ரோபீட்ஸுக்கு வரும்போது கணக்கு கொஞ்சம் நீளும். 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று பதினாறு மாத்திரைகளுக்குச் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மட்டும் கைதட்டுங்கள். ஐந்து தட்டுகள் விழும். கியூபாவில் 'கிளாவே' என்று அழைக்கப்படும் புகழ்பெற்ற அமைப்பு இதுவே. லாகோசில் உருவாகும் எத்தனையோ பாடல்களில் இதுவோ இதன் நெருங்கிய மாற்றமோ மறைந்து ஓடுவதைக் கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய இரும்பு மணி அடியையும் ஒருமுறை முயன்று பாருங்கள். ஓர் அட்சரத்துக்கு மூன்று மாத்திரை வரும் திஸ்ர நடையில் பன்னிரண்டு மாத்திரைகளை 'தக தக த, தக தக தக த' என்று பிரித்தால் அது கிடைத்துவிடும். எவே, யொருபா மக்களின் சடங்கு இசையிலும், அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழியாகக் கியூபாவின் சமயச் சடங்குகளிலும் இதே அமைப்பு இன்றுவரை ஒலிக்கிறது. இரண்டு கரைகளுக்கும் பொதுவான மூலம் எது என்பதை இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரெகே மட்டும் தனியாகப் பயில வேண்டியது. நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் முதல் எண்ணில் டிரம் பேசாது. மூன்றாவதில் பெரிய டிரம்மும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மும் சேர்ந்து விழும். இரண்டாவதிலும் நான்காவதிலும் கிட்டார் சுருக்கென்று வெட்டும். 'ஒன் டிராப்' என்பது இதுதான். தாளத்தின் முதல் எண்ணான சமத்தில் அழுத்தமான அடியை எதிர்பார்த்தே பழகிய நம் கைக்கு அந்த முதல் எண்ணின் மௌனம் ஆரம்பத்தில் தடுமாற்றம் தரும். அவசரப்படாமல், பேஸ் கிட்டாரின் போக்கை மட்டும் பின்தொடர்ந்தால் கை தானாக நிலைபெறும். அமாபியானோவுக்கு வேறு வகைப் பொறுமை தேவை: ஆறேழு நிமிடப் பாடலில் லாக் டிரம் நுழையவே நேரமாகும். ராகத்தை விடிய விடிய விரித்து வாசிக்கும் நாகசுரத்தைக் கேட்ட ஊர்க்காரர்களுக்கு அது சிரமமாக இராது.

தாளம் கைவந்த பிறகு, யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்பதைக் கால வரிசையில் கேளுங்கள். 1930கள், 40களில் கியூபாவின் இசைத்தட்டுகள் காங்கோவுக்கு வந்தன. அவற்றைக் கேட்டுத்தான் காங்கோ ரும்பா உருவெடுத்தது. அதை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜமைக்காவின் ரெகே 2018இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அந்த விழாவில் பாடியவர் பாப் மார்லி. அதற்குப் பின் ஐவரி கோஸ்டின் ஆல்ஃபா பிளாண்டியும் தென்னாப்பிரிக்காவின் லக்கி டுபேயும் ரெகேயை ஆப்பிரிக்க மண்ணின் இசையாகவே ஆக்கிக் காட்டினார்கள். 1979இல் தொடங்கப்பட்ட கசாவ் என்ற குழுவின் சூக் இசை அங்கோலாவுக்கும் கேப் வெர்டேவுக்கும் சென்று, அங்கோலாவின் கிசோம்பா உருவாகத் துணைநின்றது. இன்றைய லாகோஸ் பாடகர்கள் டான்ஸ்ஹாலைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது அவர்களின் குரலின் ஏற்ற இறக்கங்களிலேயே தெரிகிறது. ஆப்பிரிக்க இசையின் எழுச்சியைக் கரீபியத்தின் வீழ்ச்சியாகப் படிப்பவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காணத் தவறுகிறார்கள்.

இந்த இடத்தில் டெல்டாக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கிளை இருக்கிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 1853இல் மார்ட்டினிக்கிற்கும் 1854இல் குவாதலூப்பிற்கும் முதல் கப்பல்கள் சென்றடைந்தன. அவர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் மாரியம்மன் வழிபாட்டில் தப்பு என்னும் தோற்கருவி இன்றும் அடிக்கப்படுகிறது. சூக் பிறந்த அதே தீவுகள் இவை. டிரினிடாடில் வட இந்தியத் தொழிலாளர்களின் வழிவந்த சட்னி இசையும், கலிப்சோ பாடகர் லார்ட் ஷார்ட்டி 1970களில் கலிப்சோவோடு இந்தியத் தாளங்களைக் கலந்து உருவாக்கிய சோகாவும் இதே வரலாற்றின் மறுபக்கம். குவாதலூப்பின் தப்பொலிப் பதிவு கிடைத்தால், அதை நம் ஊர்த் தப்பாட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்; கரீபிய இசையை அயலார் இசை என்று அதற்குப் பின் நினைக்க மனம் வராது.

இனி, புகழை அளக்கும் வேலை. ஆப்பிரிக்க இசையின் ஏற்றத்துக்கு உறுதியான மைல்கற்கள் உண்டு. 2016இல் கனடாவின் டிரேக்கோடு நைஜீரியாவின் விஸ்கிட் இணைந்த ஒரு பாடல் அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் ஆப்ரோபீட்ஸுக்கென 2020இலும் அமெரிக்காவில் 2022இலும் தனித் தரவரிசைகள் தொடங்கப்பட்டன. நைஜீரியாவின் பர்னா பாய் 2021இல் கிராமி விருது பெற்றார். நைஜீரியப் பாடகர் ரேமாவின் ஒரு பாடல், அமெரிக்கப் பாடகி செலினா கோமஸ் சேர்ந்து பாடிய வடிவத்தில், 2023இல் பில்போர்டு பட்டியலின் மூன்றாம் இடம் வரை ஏறியது. ஆப்பிரிக்க இசைக்கென்றே கிராமி உருவாக்கிய பிரிவின் முதல் விருதை 2024இல் தென்னாப்பிரிக்காவின் டைலா வென்றார். இவற்றைக் குறித்துக்கொள்ளும்போது, ஆப்பிரிக்கக் கலைஞர் தனித்துப் பாடிய வடிவத்தையும், மேற்கத்தியப் பிரபலம் சேர்ந்த வடிவத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டும் வெவ்வேறு புகழ்.

கரீபியப் பக்கத்தில் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். 1956இலேயே ஹாரி பெலஃபாண்டேயின் கலிப்சோ இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் நின்றது. ஜமைக்காவில் பிறந்த ஷாகி 2001இலும் ஷான் பால் 2003இலும் பில்போர்டின் முதலிடத்துக்கு வந்தார்கள். ரெகேவுக்குக் கிராமியில் தனிப் பிரிவு 1985 முதல் இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் 1973இல் நியூயார்க்கில் நடத்திய விருந்துகளிலிருந்து ஹிப்ஹாப் வளர்ந்தது. போர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்ட கலைஞர். அவரைக் கரீபியக் கணக்கில் சேர்த்தால் ஒப்பீட்டின் முடிவே மாறிவிடுகிறது. சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஜமைக்காவின் தாளத்தைத் தோளில் சுமந்து வரும் ஒரு தீவு இசையை, மொழி ஸ்பானியம் என்பதற்காக வேறு கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

எண்களை மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்ப்பதும் அவசியம். நைஜீரியாவில் 20 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். லண்டன் முதலிய நகரங்களில் பெரிய நைஜீரிய, கானா சமூகங்கள் இருக்கின்றன. பன்னாட்டு இசை நிறுவனங்கள் லாகோசில் அலுவலகங்களைத் திறந்தன. 2021இல் ஸ்பாட்டிஃபை அங்கு வந்தது. குறுங்காணொளிகள் நடன அசைவுகளை நாடு நாடாகக் கொண்டு சென்றன. ஜமைக்காவிலோ ஏறத்தாழ 28 லட்சம் பேர்தான். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 24 லட்சம். நம் மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தீவு ஸ்கா, ரெகே, டப், டான்ஸ்ஹால் என்று இத்தனை வகைகளை உலகுக்குத் தந்திருக்கிறது என்பதை எண்ணும்போது, அண்மைத் தரவரிசையை மட்டும் காட்டி அதன் காலம் முடிந்தது என்று சொல்பவர்கள் மீது எனக்கு வருத்தமே வருகிறது.

எண்களைத் தேடும்போது உங்கள் செயலியின் முகப்பை நம்ப வேண்டாம். அது நீங்கள் முன்பு கேட்டதையே திருப்பிக் காட்டும். நாடுவாரியான தரவரிசைகளைத் திறந்து, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, கென்யா ஆகியவற்றை ஒரே வாரத்துக்குப் பாருங்கள்.

சபாவிலோ கல்லூரி இசை மன்றத்திலோ நூலகக் கூடத்திலோ நண்பர்களுக்கு இதை நடத்திக் காட்ட விரும்பினால், பாடல்களை இணை இணையாக ஒலிக்கவிடுங்கள்: கியூப சோனுக்குப் பின் காங்கோ ரும்பா, சூக்குக்குப் பின் கிசோம்பா, டான்ஸ்ஹாலுக்குப் பின் ஆப்ரோபீட்ஸ். எது எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை முன்கூட்டிச் சொல்லாமல், முதலில் தாளத்தைப் பிடிக்கச் சொல்லி, பிறகு ஊரைக் கேளுங்கள். தவில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரையாவது அழைப்பது நல்லது. அவர் சொற்கட்டாகச் சொல்லிக் காட்டினால், மற்றவர்களுக்கு விளக்கவுரையே தேவைப்படாது. முதலில் கேட்ட பாட்டின் பக்கம் மனம் சாய்வது இயல்பு என்பதால், அடுத்த அமர்வில் ஒவ்வோர் இணையின் வரிசையையும் மாற்றி ஒலிக்கவிட்டு, இரண்டு அமர்வுகளின் விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.