முதியோர் குடியிருப்பு: வரைபடம் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓய்வுபெற்றோருக்கென்றே பல குடியிருப்புகள் எழுந்துவிட்டன. அறக்கட்டளைகள் நடத்தும் இலவச முதியோர் இல்லங்களும், மனநோயிலிருந்து தேறியும் திரும்பிச் செல்ல வீடில்லாதவர்களுக்கான இல்லங்களும் மாநிலம் முழுவதும் இயங்குகின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள் என்பதால், இத்தகைய இடங்களின் தேவை இனிமேலும் ஏறுமுகமாகவே இருக்கும். இவற்றைத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல நோக்கத்துடன்தான் தொடங்குகிறார்கள். ஆனால் குடிபுகும் நாளில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ அவரை மட்டுமே மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். 67 வயதில் தாமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், 12 ஆண்டுகள் கழித்து அதே அறையில், அதே குளியலறையில், வேறொருவர் கையைப் பிடித்துத்தான் நடப்பார். அந்த 79 வயதுக்காரருக்காகத் திட்டமிடாததிலிருந்து மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

முதல் தவறு நிலம் வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், காற்றோட்டமான இடம் மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த அமைதி பிடித்துப்போகிறது. கார் ஓட்டக்கூடிய வரையில் குடியிருப்பவருக்கும் குறை தெரியாது. கண்பார்வை மங்கி வண்டியோட்டுவதை நிறுத்திய பிறகு, மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் கோயிலுக்கும் பிறர் தயவை எதிர்பார்க்க வேண்டியதாகிறது. பேருந்து மாறி வர வேண்டிய உறவினர்களின் வருகையும் மெல்லக் குறைகிறது. பக்கவாதம் வந்தவருக்கு முதல் நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டியிருப்பதால், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதை, மாலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை வண்டியில் சென்று பார்த்த பிறகே நிலத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

கட்டடத்தில் செய்யப்படும் பிழைகள் பிற்பாடு திருத்துவதற்கு மிகவும் கடினமானவை. வெள்ளம் வரும் என்று அஞ்சி அடித்தளத்தை 60 சென்டிமீட்டர் உயர்த்துகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அந்த உயரத்துக்குச் சாய்தளம் அமைக்க 7.2 மீட்டர் நீளம் தேவைப்படும் என்பதை வரைபடத்தில் கணக்கிடுவதில்லை. முடிவில் இரண்டு மீட்டர் இடத்துக்குள் செங்குத்தாக ஒரு சாய்தளத்தைப் போட்டுவிடுகிறார்கள்; அதில் சக்கர நாற்காலியை ஏற்றவே இருவர் வேண்டியிருக்கும், இறக்குவதோ ஆபத்து. கதவுகளின் உள்ளகலம் 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பதும், மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும் என்பதும், மின்தடையின்போது அது இயங்க ஜெனரேட்டர் வேண்டும் என்பதும் பலரும் அறிந்தவையே.

குளியலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதியவர்கள் அடிக்கடி விழும் இடங்களில் அதுவும் ஒன்று. வழவழப்பான டைல்ஸைத் தவிர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். கதவு உட்புறமாகத் திறப்பதில் உள்ள கேடு பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே விழுந்தவர் கதவின் மேல் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து எவராலும் அதைத் தள்ளித் திறக்க முடியாது. அவரை மீட்கக் கதவை உடைக்க வேண்டும், அது அவர்மீதே விழும். ஆகவே குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பதாகவோ பக்கவாட்டில் நகர்வதாகவோ இருக்க வேண்டும். உள்தாழ்ப்பாளை அவசரத்தில் வெளியிலிருந்து விடுவிக்கும் வசதியும் வேண்டும். அழைப்புமணியின் பொத்தானை நிற்பவரின் கைக்கெட்டும் உயரத்தில் மட்டும் வைப்பது இன்னொரு பிழை. கீழே விழுந்தவர் அதை எப்படி எட்டுவார்? தரைவரை தொங்கும் ஒரு கயிற்றை அதில் இணைத்துவிட்டால் போதும். வாளியில் நீர் நிரப்பிக் குவளையால் மொண்டு குளிப்பதே நம் முதியவர்களின் பழக்கம் என்பதால், உட்கார்ந்து குளிக்க முதுகுச்சாய்வுள்ள இருக்கைக்கும், குனியாமல் மொள்ள வாளியை உயர்த்தி வைக்கும் மேடைக்கும், சோப்பு நீர் தேங்காத வடிகாலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சுவரில் பொருத்தும் கைப்பிடியைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், எடை குறைந்த உள்ளீடற்ற கற்களாலான சுவர் ஒரு மனிதரின் முழுப் பாரத்தையும் தாங்காது என்பதைக் கைப்பிடி பெயர்ந்து வந்த பிறகே அறிகிறார்கள். எந்த இடத்தில் கைப்பிடி வரும் என்பதைச் சுவர் எழுப்பும்போதே முடிவு செய்து, அங்கே திடமான செங்கல்லோ கான்கிரீட்டோ வைக்க வேண்டும்.

கட்டடத்துக்குக் கோடிகளில் கணக்குப் போடுகிறவர்கள் ஆட்களுக்கு ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள்: ‘24 மணி நேரமும் ஓர் உதவியாளர்.’ ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஓர் ஆளை இடைவிடாமல் பணியில் வைத்திருக்க மூன்றரைப் பேர் தேவை. விடுப்பு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறைந்து நடத்த இயலாது. தரையில் விழுந்து கிடப்பவரை ஒருவர் தனியாகத் தூக்குவது இருவருக்குமே ஆபத்து என்பதால் இரவிலும் இருவர் வேண்டும். அப்படியானால் எட்டுப் பேராவது வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கிய இல்லங்களில்தான், பகலெல்லாம் சமைத்த அம்மாவே இரவிலும் படுக்கை மாற்ற எழுந்து வர வேண்டியிருக்கிறது. சோர்ந்துபோன அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நன்கொடையில் இயங்கும் இல்லங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்தநாளுக்கும் திதிக்கும் அன்னதானம் செய்ய மக்கள் மனமுவந்து வருகிறார்கள்; ஆண்டு முழுதும் மதியச் சாப்பாட்டுக்கு ஆள் பதிவாகிவிடுகிற இல்லங்கள்கூட இருக்கின்றன. இரவுநேர உதவியாளரின் சம்பளத்தையோ டயப்பர் செலவையோ ஏற்கிறேன் என்று வருகிறவர் மிகச் சிலரே. இந்தத் தேவையை நன்கொடையாளர்களிடம் கூச்சமின்றி எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெவ்வேறு தேவையுள்ளவர்களை ஒரே கூரையின்கீழ், ஒரே ஒழுங்குக்குள் அடைப்பது அடுத்த பெருந்தவறு. மறதிநோய் உள்ளவர் வெளியே நடந்து சென்று வழி தவறிவிடுவார் என்ற அச்சத்தில் வாயிலைப் பூட்டுகிறார்கள். அதனால் நல்ல நினைவுடன் இருக்கும் முப்பது பேரும் சேர்ந்து அடைபடுகிறார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்குச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் நடைபாதையையும், எளிதில் அடையாளம் காணும்படி ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறத்தையோ பழைய புகைப்படத்தையோ அமைத்துக் கொடுத்தால் பூட்டின் தேவையே பெருமளவு குறையும். பூட்டும் சங்கிலியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகையில் பற்றிய தீயில் 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் தீ விபத்தின் கோணத்தில் பார்த்தால், வெல்டிங் செய்து நிரந்தரமாக அடைத்த ஜன்னல் கம்பியும், இரவில் ஒருவர் தலையணைக்கடியில் இருக்கும் வாயிற்சாவியும் சங்கிலியின் வேலையையே செய்கின்றன.

அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை என்பதற்காகவோ சமூகத்தில் தங்குமிடம் இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. முதியோருக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவோ, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும் என்றும், ஆதரவற்ற 150 முதியவர்களாவது தங்கும் வசதி வேண்டும் என்றும் பேசுகிறது. பெரிய எண்ணிக்கையை முதலில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் நீண்ட கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். மனநோயுள்ள வீடற்றவர்களுக்காகச் சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தி பேனியன் அமைப்பு, நெடுங்காலம் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் இருந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, தேவைக்கேற்ற உதவியாளரையும் உடன் வைக்கும் முறையை 2015 முதல் நடத்தி வருகிறது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும், தம் வீட்டு வாசலில் தாமே கோலமிடவும் ஒருவருக்கு அங்கே வாய்ப்பிருக்கிறது. புதிதாகக் கட்ட நினைக்கும் அறக்கட்டளைகள் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல வேளைகளில் கட்டடமே தேவைப்படாமல் போகலாம்.

யார் தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதிவும் உரிமமும் மாறும். மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துச் சிகிச்சையும் பராமரிப்பும் அளித்தால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படியும், மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படியும் பதிவு செய்தாக வேண்டும். ‘முதியோர் இல்லம்’ என்ற ஒரே பதிவை வைத்துக்கொண்டு எல்லோரையும் சேர்ப்பது கருணையாகத் தோன்றினாலும், குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

கட்டண இல்லங்களில் பணத்தைப் பற்றிய தவறு மெதுவாகத்தான் வெளிப்படும். நுழையும்போது பெறும் திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகையைக் கட்டடச் செலவில் கரைத்துவிட்டு, அடுத்தவர் வந்தால் அவர் பணத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருப்பது முதல் சில ஆண்டுகளுக்குச் சரியாகவே ஓடும். ஏறத்தாழ ஒரே வயதில் குடிபுகுந்தவர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடைபெறத் தொடங்கும்போது, பல குடும்பங்கள் ஒருங்கே பணம் கேட்டு நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் அவ்வாறே. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்று 25,000 ரூபாய் ஆகும் செலவு 12 ஆண்டுகளில் 50,000 ரூபாயைத் தொட்டுவிடும். வட்டியை மட்டுமே நம்பியிருப்பவரின் வருமானம் அப்படி உயராது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுநர், சேவை வழங்குபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவருக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும் என்று கூறுவதற்குக் காரணம், கட்டியவர் வீடுகளை விற்றுவிட்டு விலகிய பிறகும் சமையலும் மருத்துவ உதவியும் தொடர யாரோ ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும் என்பதே.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இருமுறை படிக்க வேண்டும். ‘தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலை ஏற்பட்டால் குடியிருப்பவர் வெளியேற வேண்டும்’ என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் பின்பக்கத்தில் இருக்கிறது. சொந்த வீட்டை விற்று அந்தப் பணத்தை இங்கே கொடுத்தவர், எந்த நாளுக்காக இங்கே வந்தாரோ அந்த நாளில்தான் வெளியே அனுப்பப்படுகிறார். படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள இல்லத்தால் இயலாதென்றால் அதைச் சேரும் நாளன்றே அவரிடமும் பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லிவிட வேண்டும்; இயலுமென்றால், அதற்கான அறையும் ஆளும் பணமும் அஸ்திவாரம் தோண்டும்போதே கணக்கில் இருக்க வேண்டும்.