சர்ஜ் பிரேக் கோளாறு: சக்கரத்தைக் கழற்றும் முன் முன்பக்கம் பாருங்கள்

போன வாரம் படகு இறக்கும் சாய்தளத்தில் ஒரு இளைஞர் டிரெய்லரை ஜாக்கியில் ஏற்றிவிட்டுப் புது பேரிங் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையாம். ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. எனக்கு மனசு பொறுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா, பேட் தேய்ந்திருக்கிறதா என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். படகு டிரெய்லரின் சர்ஜ் பிரேக்கில் பலர் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சூட்டுக்குப் பேரிங்கைக் குற்றம் சொல்வது

முதலில் இந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிய வேண்டும். இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் பின்னால் வரும் டிரெய்லர் தன் பாரத்தால் அதை முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலில் முன்பக்கத்து ஆக்சுவேட்டர், அதாவது வண்டியோடு இணையும் நகரும் பகுதி, உள்ளே நகர்ந்து பிரேக் ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். அந்த அழுத்தம் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குப் போகும். வண்டி மறுபடி இழுத்ததும் ஆக்சுவேட்டர் வெளியே வந்து பிரேக் விட வேண்டும். விடவில்லை என்றால் சக்கரம் உரசிக்கொண்டே ஓடும். ஹப் சூடாகும், கிரீஸ் உருகும், கடைசியில் பேரிங் போகும். பேரிங் போவது விளைவுதான்.

என் டிரெய்லரில் உப்புநீர் பட்டு டிரம் பிரேக் துருப்பிடித்துப் போனதால் டிஸ்க் பிரேக்குக்கு மாற்றினேன். ரோட்டர் (சுற்றும் டிஸ்க்), பேடை அதன்மேல் அழுத்தும் காலிப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு. ஆக்சுவேட்டர் மட்டும் பழசு. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எனக்கு உதிரிபாகம் விற்றவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பிரேக் விட்ட பிறகும் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாயில் பிடித்து வைத்திருக்கும். டிரம்மில் அது நல்லது: வீல் சிலிண்டருக்குள் காற்று புகாது, டிரம்மின் உள்ளே உரசும் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங்கும் உண்டு. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை. அதனால் அந்த மிச்ச அழுத்தம் பேடை டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். இது புரியாமல் இரண்டு முறை பேரிங், ஒரு முறை காலிப்பர் மாற்றினேன். டிஸ்க்குக்கான ஆக்சுவேட்டரைப் போட்ட அன்றே சூடு நின்றது.

பத்தே நிமிடச் சோதனை இது. டிரெய்லர் உருளாதபடி மற்ற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிடித்திருக்கும் சக்கரத்தைத் தூக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் புறப்படும் இடத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் கசிந்து சக்கரம் சுற்றினால் கோளாறு முன்பக்கம்தான்: அந்த வால்வு, அல்லது துருப்பிடித்து வெளியே வராத ஆக்சுவேட்டர், அல்லது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிள் இழுபட்டுப் பூட்டிக்கொண்டிருக்கும். அங்கே விடாமல் சக்கரத்துப் பிளீடரை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்ததும் விட்டால், நடுவில் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது அல்லது குழாய் நசுங்கியிருக்கிறது. பிளீடரைத் திறந்தும் விடவில்லையா, அப்போதுதான் காலிப்பரைச் சந்தேகப்பட வேண்டும். சோதனை முடிந்ததும் நட்டை இறுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்; ஆக்சுவேட்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இளைஞரின் டிரெய்லரில் நட்டைத் தளர்த்தியதுமே சக்கரம் சுற்றியது. ஆக்சுவேட்டர் துருவேறி பாதியில் நின்றிருந்தது.

ரிவர்ஸில் நகரவில்லை என்று ஆக்சிலேட்டரை மிதிப்பது

பின்னால் தள்ளும்போதும் ஆக்சுவேட்டர் அழுந்தத்தான் செய்யும். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் பிடிக்காமல் தடுக்க ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு, இருக்கும். ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் வந்தால்தான் அது வேலை செய்யும். வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் நான்கு பின் பிளக்கில் அந்த வயரே கிடையாது, ஐந்தாவது பின் வேண்டும். சிலர் ஐந்து பின்னை நான்காக்கும் மாற்று பிளக்கைச் செருகிவிட்டு பிரேக் கெட்டுவிட்டது என்கிறார்கள். பிளக்கைப் பாருங்கள், அப்புறம் சோலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா பாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்கச் செருகிய பூட்டை மறப்பது

ஆக்சுவேட்டர் உள்ளே நகராதபடி தடுக்கத்தான் அந்தப் பூட்டு. அது செருகியிருக்கும்வரை டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை.

டிரம் ஷூவைச் சரிசெய்யும்போது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுவது

ரிவர்ஸில் தானாக விடும் வகை டிரம்மில் ஷூ விலகிக்கொள்ளும். நீங்கள் வைக்கும் இடைவெளி தவறாகிவிடும். முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள்.

கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுவது

டாட் 3 அல்லது டாட் 4. சிலிகான் வகையான டாட் 5 வேண்டாம்.

வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்குவது

சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். படகின் கட்டுகளை அவிழ்த்து, பொருள்களை ஏற்றி முடிக்கும்வரை டிரெய்லர் ஆறட்டும். உப்புநீர் என்றால் வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரால் பிரேக்கைக் கழுவுங்கள். ஆக்சுவேட்டர் நகரும் இடத்தையும் சேர்த்துத்தான்; அந்த இளைஞரின் டிரெய்லரில் துரு பிடித்திருந்தது அங்கேதான்.