பூச்செடிக்குக் காசு செலவழிக்கும் முன்

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் முற்றத்துக்குப் பூச்செடி வேண்டுமென்றால், கீழ்நாட்டில் வளர்த்த கன்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் ஊர் இருக்கும் உயரத்திலேயே, யாரும் பெரிதாகக் கவனிக்காமலே பூத்து நிற்கும் செடியில் ஒரு தண்டு கேட்டு வாங்கி நடுங்கள். அந்தக் குளிரையும் மழையையும் தாங்கிய செடி அது. உங்கள் முற்றத்திலும் தாங்கும்.

முதலில் பெரிய கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை வையுங்கள், அதற்கு நிகர் எதுவும் இல்லை. பென்சில் தடிப்பில் பூக்காத தண்டு, இரண்டு மூன்று கணு இருந்தால் போதும். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, மழை தொடங்கும்போது நிழலில் ஊன்றுங்கள். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு (அமில) மண்ணில் பூ நல்ல நீலமாக வரும். சீமெந்துச் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கலந்து இளஞ்சிவப்பாக மாறலாம், அதுவும் அழகுதான். ஜெரேனியத்தையும் இப்படியே தண்டில் வளர்க்கலாம்.

கண்டி போல உயரம் குறைந்த, வெக்கையான இடத்தில் ஹைட்ரேஞ்சியா சரிவராது. அங்கே செம்பருத்தி, வண்ண இலைக் குரோட்டன் நல்லது. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் மலைநாட்டுப் பள்ளங்களில் ஹைட்ரேஞ்சியாவின் இளந்தளிர் கருகும். ஆடு, மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரேஞ்சியாவை நடவே வேண்டாம், இலை நஞ்சு.