எத்தனை எலக்ட்ரோட் என்று எண்ணுவதற்கு முன்

காது கேளாதவரின் உட்செவிக்குள் எலக்ட்ரோட் என்னும் மின்முனைகள் கொண்ட கம்பியைச் செலுத்தி, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதைப் பொருத்தப் போகிற குடும்பங்கள் முதலில் கேட்பது, "எதில் எலக்ட்ரோட் அதிகம்?" என்றுதான். ஒரு கம்பெனியில் 22, இன்னொன்றில் 16, மற்றொன்றில் 12. உடனே 22-தான் உசத்தி என்று முடிவெடுத்துவிடாதீர்கள். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதியை நத்தை என்போம்; அதற்குள் இருப்பது உப்புநீர் போன்ற திரவம். ஒரு எலக்ட்ரோட் புள்ளியில் விடும் மின்சாரம் அதில் கசிந்து பக்கத்துப் புள்ளியின் பகுதிக்கும் போய்விடும். அதனால் புள்ளிகள் எத்தனை இருந்தாலும், பலருக்கு ஏழெட்டுத் தனி வழிகள் அளவுக்குத்தான் பலன் கிடைக்கிறது.

"நீளமான கம்பியாகப் போடுங்கள்" என்று வற்புறுத்துவதும் தவறு. நத்தையின் வாசலில் கீச்சொலிகள், உள்சுற்றில் கனத்த ஒலிகள். குட்டையான கம்பி உள்சுற்றை எட்டாது என்பது உண்மைதான். ஆனால் சுற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு இதமாகப் போகும் 31 மி.மீ. கம்பி இன்னொருவருக்கு முட்டிக்கொள்ளும். ஸ்கேனில் அளந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கனத்த ஒலிகள் இன்னும் கொஞ்சம் கேட்கிறதா? அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அதைக் காப்பாற்ற, குட்டையான, மென்மையான கம்பியே போதும் என்று மருத்துவர் நினைக்கலாம்.

மென்மை ஏன் முக்கியம்? ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் 1977-ல் கடற்கரையில் ஒரு சுருள் சிப்பிக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டு, அடி விறைப்பாக இருந்த புல் சுழன்று சுழன்று உள்ளே போனது. மறு வருடமே மெல்போர்னில் அவர் பல எலக்ட்ரோட் கொண்ட கருவியை ஒருவருக்குப் பொருத்தினார். இன்றும் கம்பியை நிதானமாகத்தான் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும்.

செவி நரம்பை ஒட்டி வளையும் கம்பி வகையில் மின்சாரம் குறைவாகவே பரவும். ஆனால் அதன் நுனி உள்ளே மடங்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆபரேஷன் மேஜையிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூளைக்காய்ச்சலால் (மெனிஞ்சைடிஸ்) காது போயிருந்தால், "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடவே கூடாது. சில வாரங்களிலேயே நத்தைக்குள் எலும்பு வளரத் தொடங்கலாம். அப்புறம் கம்பி நுழைய இடம் இருக்காது.

கடைசியாக, மேப்பிங்கில், அதாவது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் மின்சார அளவைச் சரிசெய்யும்போது, ஓரிரு எலக்ட்ரோட்களை அணைத்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஒரு புள்ளியை இயக்கும்போது குழந்தையின் கண்ணிமை துடித்தால், மின்சாரம் முக நரம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த இமையைக் கவனித்து, துடித்த உடனே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சொல்லுங்கள்.