வட சென்னையில் மனநல சேவை: மாநகராட்சி தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரையிலான மண்டலங்களில் மனநல சேவையைச் சீரமைக்க நினைக்கும் மாநகராட்சி, முதலில் முகாம் மோகத்தைக் கைவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு நோயைக் கண்டறிகிறார்கள். திங்கட்கிழமை அந்தக் குடும்பம் யாரிடம் போகும்? மனச்சிதைவு நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வேண்டும். பல ஆண்டுகளுக்கு வேண்டும்.

எல்லோரையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்புவது அடுத்த தவறு. 1794-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு இன்றும் அவசியம். ஆனால் வெறும் மாத்திரை வாங்க எண்ணூரிலிருந்து அங்கே போய்வந்தால் நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. வீட்டுக்கு அருகிலேயே, நெடுந்தூரம் அலையாமல் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் உரிமை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கத்திலோ எழுதித் தந்த மாத்திரையை வார்டு சுகாதார நிலையத்திலேயே வாங்க முடிய வேண்டும். அதுவும் காலையில் மட்டும் போதாது. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் காசிமேட்டுக்காரர் மாலையில்தான் வர முடியும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதில். இந்த மாத்திரைகள் திடீரென நின்றால் தூக்கம் கெடும், பயமும் சந்தேகமும் திரும்பும், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். பல மாதங்களாகத் தேறிவந்த ஒருவர் வேலையை இழக்க அந்த ஒரு வாரம் போதும். கட்டடத்துக்கு வண்ணம் பூசும் செலவைத் தள்ளிப்போட்டாவது மூன்று மாதத்துக்கான மாத்திரையை இருப்பில் வைத்திருக்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை தருகிறது. மனநலத்துக்கும் அதே வழி நல்லதுதான், நோயாளி சம்மதித்தால். சுவரோடு சுவர் ஒட்டிய வியாசர்பாடி வீடுகளில், வாசலில் நின்று நோயின் பெயரை உரக்கச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதன்பின் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடுவதுகூடச் சிக்கலாகும்.

"குடியை விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. மனச்சோர்வும் குடியும் பலரிடம் பின்னிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை வேண்டும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரிடம் போலீஸ் பயம் காட்டுவது சட்டத்துக்கே எதிரானது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமை என்கிறது அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை. அவர் வீடு திரும்பிய வாரத்திலேயே வார்டு செவிலியர் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

கணக்கு எழுதும் முறையும் மாற வேண்டும். இத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கை மேலதிகாரிக்குப் போதுமானதாக இருக்கலாம். போன மாதம் வந்து இந்த மாதம் வராதவர்கள் யார், அவர்களை யார் தேடிப் போனார்கள் என்று ஒவ்வொரு வார்டிலும் எழுதி வைக்க வேண்டும். கவுன்சிலர்கள் மன்றக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.